வீட்டுக்கு வந்த லாந்தனம்

சின்ன வயதில் ஆள் வளர்த்தி இல்லாமல் இருந்ததால் அண்ணன் அவளுக்குப் பொடி என்று பெயர் வைத்தான். படித்துப் பட்டம் வாங்கி, ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, முன்நெற்றியில் நரை எட்டிப்பார்த்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. போதாக்குறைக்கு வேலையும் பொடி செய்கிற வேலையாகவே அமைந்துவிட்டது. "பேரு வச்சது நானு. அந்தப் பேருக்கே வேலையும் கிடைச்சிருச்சு பாத்தீங்களா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் அளப்பான்.

அவள் செய்த பொடிகள் கடையில் கிடைப்பவை அல்ல. லாந்தனம், சீரியம் என்ற அரிய மண் தனிமங்களையும், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமத்தையும் பாஸ்பேட்டோடு சேர்த்து, கல்லைப்போல் கெட்டியான பொருள்களை உண்டாக்குவாள். இயற்கையில் அப்படி ஒரு கனிமம் இருக்கிறது. மணலோடு மணலாகக் கிடக்கும் அதன் மஞ்சள் மணிகள், மலைகள் தேய்ந்து மண்ணாகிற காலம் முழுக்கத் தோரியத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கின்றன, வெளியே விடவில்லை. அந்த வித்தையை மனிதன் கற்றுக்கொண்டால் அணுவுலைக் கழிவை இப்படியொரு கல்லுக்குள் பூட்டிவைக்கலாம். அதற்குத்தான் இந்தப் பாடு.

லாந்தனம் ஆக்சைடை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பாள். தண்ணீரைப்போல் தெளிந்து நிற்கும். அதில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரளும். அதைச் சூட்டிலேயே கொஞ்ச நேரம் வைத்து, வடிகட்டி, திரும்பத் திரும்பக் கழுவி, காயவைத்து, மூசை என்கிற சூடு தாங்கும் கிண்ணத்தில் இட்டு உலையில் ஏற்றுவாள். தோரியம் சேர்க்கிற நாளில் எல்லாமே கண்ணாடிப் பெட்டிக்குள்தான். பெட்டியின் சுவரில் பொருத்திய தடித்த கையுறைகளுக்குள் கையை விட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மற்ற அணுக்களைப் பிடித்துக்கொள்ள லாந்தனத்துக்கு மூன்று கை என்றால் தோரியத்துக்கு நான்கு. ஒரு கை கூடுதலாக இருப்பவனைச் சும்மா உட்காரவைத்தால் பந்தி கலைந்துவிடும். அதனால் இரண்டே கை உள்ள கால்சியத்தையும் ஜோடியாகச் சேர்த்து, இரண்டு லாந்தனம் இருந்த இடத்தில் இந்த இருவரையும் உட்காரவைப்பாள்.

செய்து முடிப்பதில் அவளுக்குப் பாதி சந்தோஷம்தான். செய்தது என்ன என்று தெரிந்துகொள்வதில்தான் மீதி. அதற்கு அவள் தேடிப்போகிற ஆள் கீழ்த்தளத்தில் எக்ஸ்-கதிர் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பொடியின் மேல் கதிரைப் பாய்ச்சினால் அது எந்தெந்தத் திசையில் திரும்பி வருகிறது என்பதை எந்திரம் ஒரு கோட்டுப் படமாக வரைந்து தரும். அதில் மலைத்தொடர் மாதிரி உச்சிகள் எழும்பியிருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மலைத்தொடர், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அந்த உச்சிகளையே பார்த்துப் பார்த்துப் பேசுவதால் அந்த மனிதருக்குச் சிகரம் என்று பெயராகிவிட்டது. ஆள் என்னவோ அவளைவிடக் குட்டை.

வீட்டில் மாடி அவளுக்கு, கீழ்த்தளம் அண்ணனுக்கும் அண்ணிக்கும். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது அண்ணி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆனால் கதிரியக்கம் என்ற சொல்லுக்கு மட்டும் அண்ணி மசியவே மாட்டாள். வேலையிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்றினால்தான் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்கலாம். "அங்கேயே கை, கால், செருப்பு எல்லாத்தையும் எந்திரத்துல காட்டிட்டுத்தான் அண்ணி வெளிய விடறாங்க," என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "எந்திரம் என்னைக்காவது தூங்கிட்டா?" என்பாள் அண்ணி. அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவாள்.

அண்ணனுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. பயந்தாங்கொள்ளிகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கும், வாயில் ஓயாத பேச்சுமாகப் பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அப்படிப்பட்டவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், எந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். மற்ற நாள்களில் கற்றுக்கொடுக்கப் போனான். பேச்சு குறையவில்லை.

ரத்தம் சுத்தமானாலும் ஒன்று மட்டும் சரியாக வெளியேறவில்லை. பாஸ்பேட். சாப்பாட்டில் வருகிற அது உடம்பில் சேர்ந்து சேர்ந்து, இரவெல்லாம் தோல் அரித்தது, எலும்பும் வலித்தது. முதலில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் அவள் குளித்துவிட்டு இறங்கி வந்தபோது அண்ணி அந்த அட்டைப்பெட்டியை நீட்டினாள்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு. வாயில நுழையாத பேரா இருக்கு."

அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"அண்ணி, இது லாந்தனம்."

"அப்படின்னா?"

"நான் தினமும் கரைக்கிறேனே, அதுதான்."

அண்ணி பெட்டியைப் பிடுங்கி, மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தாள். "உன் கூடத்துல இருக்கறது இங்க எதுக்கு வருது? இவரு என்ன கழிவா, அடைச்சு வைக்க?"

"ஐயோ, லாந்தனத்துக்கும் கதிரியக்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது அண்ணி. தோரியம்தான் அந்த ரகம். இது பரம சாது."

"ஒரே பந்தியில உக்கார்றவங்கன்னு நீதானே சொன்ன?" என்றாள் அண்ணி. பொடிக்குச் சிரிப்பு வந்தது. தான் சொல்வதை அண்ணி இவ்வளவு கவனமாகக் கேட்டுவைத்திருக்கிறாள் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கவலையால் அல்ல. இத்தனை வருஷம் பீக்கரிலும் மூசையிலும் கட்டி மேய்த்த ஒன்று அண்ணனின் வயிற்றுக்குள் போய் என்ன செய்யப்போகிறது என்ற யோசனைதான். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடப் போனாள். டாக்டரம்மா பொறுமைசாலி, கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்கும்போலிருந்தது.

"வயித்துல அமிலம் இருக்கில்லையா, அதுல இந்த மாத்திரை கரையும். கரைஞ்சதும் சாப்பாட்டுல இருக்கற பாஸ்பேட்டைப் பிடிச்சிக்கும். ரெண்டும் சேந்து கரையாத பொருளாயிடும். குடல் அதை உறிஞ்சாது. அப்படியே வெளிய போயிடும்."

"லாந்தனம் பாஸ்பேட்," என்றாள் பொடி.

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பொழைக்கறதே அதுலதான் மேடம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பி, சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், நன்றாக மென்று சாப்பிட வேண்டும், அப்படியே முழுங்கக் கூடாது என்றார். அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினான். வெளியே வந்ததும் தங்கையின் தோளில் தட்டி, "இனிமே நானும் ஒரு ஆராய்ச்சிக்கூடம்தான் பொடி. நடமாடும் கூடம்," என்றான்.

ஆனால் நடமாடும் கூடத்தில் வேலை நடக்கவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் இறங்கவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், அதற்கும் மசியவில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் அண்ணியை உட்காரவைத்துக் குடைந்தாள். பால் எவ்வளவு, முட்டை எத்தனை, கடலை உண்டா, பாக்கெட்டில் அடைத்தது எதாவது வாங்குகிறீர்களா என்று அடுக்கிக்கொண்டே போனாள். அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்து சமைத்தவள். காயைக் கூட வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடுவாள். முகம் சிவந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அண்ணன் பக்கத்திலேயே இருந்தான். ஊரையே பேசிக் கவிழ்க்கிறவன், அங்கே வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். "நான்தான் விஷம் வைக்கறேன்னு எழுதிக்கட்டும்," என்றாள் யாரையும் பார்க்காமல்.

பொடிக்கு மனசு ஆறவில்லை. அண்ணி அளவு தவறவில்லை, அதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. வெளியே அண்ணன் எதையாவது கொறிக்கிறானோ? கேட்டால் அடித்துச் சத்தியம் செய்தான். அப்படியானால் மாத்திரையிலேயே கோளாறா? இல்லை, லாந்தனத்துக்கும் பாஸ்பேட்டுக்கும் இத்தனை வருஷமாக அவள் பார்த்து வந்த உறவு வயிற்றுக்குள் செல்லுபடியாகவில்லையா? இந்தக் கடைசிக் கேள்விதான் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியது.

துறைத் தலைவரிடம் போய், சொந்த விஷயம், ஒரு மதிய இடைவேளை போதும், சாதாரண மேசையே போதும் என்று கேட்டாள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செய்ங்க. ஆனா என்ன ஆச்சுன்னு எனக்கும் சொல்லணும். இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது," என்றார்.

வயிற்றுக்குள் இருப்பதைப்போல் நீர்த்த அமிலம், அதில் அளந்து கலந்த பாஸ்பேட் உப்பு, உடம்புச் சூடு. இப்படி இரண்டு பீக்கர் தயார் செய்தாள். ஒன்றில் மாத்திரையை அகேட் கல் உரலில் நன்றாக அரைத்துப் போட்டாள். மற்றதில் முழு மாத்திரையை அப்படியே போட்டாள். எதற்காக இரண்டு விதம் என்று கேட்டால் அப்போது அவளுக்கே காரணம் தெரியாது. எந்தப் பொடியையும் அரைத்து ஒன்று, அரைக்காமல் ஒன்று என்று பார்ப்பது கையில் ஊறிப்போன பழக்கம்.

அரைத்துப் போட்டது நுரைத்துக்கொண்டு பொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பீக்கர் பாலாக மாறியது. முழு மாத்திரை கீழே உட்கார்ந்துகொண்டது. அதைச் சுற்றி இரண்டு மூன்று குமிழி, அப்புறம் விளிம்பில் வெள்ளையாக ஒரு தோல் கட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அவள் கலக்கிவிட்டாள். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். கூழாங்கல் மாதிரி அசையாமல் கிடந்தது.

பாலாக மாறியதை வடிகட்டிக் கழுவிக் காயவைத்துச் சிகரத்திடம் கொண்டுபோனாள். இன்னது என்று சொல்லவில்லை. சிகரம் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மலையே இல்லையேம்மா. எல்லாம் மேடு மேடா இருக்கு. இன்னும் சுடலையா?"

"இல்ல."

"சுட்டுட்டு வாங்க. ஆனா மேடு எழும்பற இடத்தப் பாத்தா எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

உலையில் சுட்டு எடுத்து வந்ததும் மேடுகள் எல்லாம் நிமிர்ந்து கூரான உச்சிகளாகிவிட்டன. சிகரம் திரையில் பழைய படம் ஒன்றை எடுத்து அதன் மேல் பொருத்தினார். உச்சியோடு உச்சி ஒட்டிக்கொண்டது.

"இது நீங்க போன வாரம் கொண்டு வந்த பொடிதானே? எதுக்கு மறுபடி கொடுக்கறீங்க?"

"இல்ல சார். இது எங்கண்ணன் சாப்பிடற மாத்திரை."

சிகரம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அவர் எந்திரத்துக்கு முதுகைக் காட்டி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இருங்க. வயித்துக்குள்ள நம்ம சரக்கா? உக்காந்து முழுசா சொல்லுங்க."

முழுதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கே பொறி தட்டியது. லாந்தனம் துரோகம் செய்யவில்லை. அரைத்துப் போட்டால் கையோடு பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிறது. அரைக்காமல் போட்டால்தான் கல்லாகக் கிடக்கிறது. அப்படியானால்?

அன்று மாலை அவள் சாப்பாட்டு மேசையில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் பேசிக்கொண்டே சாப்பிட்டான். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி வண்டியை முன்னால் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாளாம். அண்ணி சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் அண்ணன் மாத்திரையை எடுத்து வாயில் போட்டான். தாடை அசைந்தது, ஆனால் எதையும் அரைக்கிற அசைவு அல்ல. அளந்து வைத்த தண்ணீரில் ஒரு மடக்கு. தொண்டை மேலே ஏறி இறங்கியது. பிறகு அந்தப் பெண்ணின் கதை தொடர்ந்தது.

"அண்ணே, மாத்திரைய மெல்லலையா?"

"மென்னேனே."

"கடக்குன்னு ஒரு சத்தம்கூடக் கேக்கலையே."

மாத்திரையை மெல்லாதவன் பதிலை மென்று முழுங்கினான். அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கடைசியில் அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, திருட்டுத்தனமாக எதையோ நகர்த்திச் சரிசெய்தான்.

"பல்லு செட்டு உக்கார மாட்டேங்குது," என்றான் மெதுவாக. "அழுத்தி மென்னா ஈறு கிழியுது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்குது அது, கடிக்கவும் முடியல."

"எப்போலேருந்து?" என்றாள் அண்ணி.

"கட்டின நாள்லேருந்தே."

"அதான் காய்கறிய மசிச்சுக் கொடுன்னீங்களா? நான் என்னமோ ருசிக்குக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"வண்டில பக்கத்துல உக்காந்து நாள் முழுக்கப் பேசறவன். பல்லு ஆடுதுன்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா? உங்கிட்ட சொன்னா நீ உடனே அங்க போலாம் இங்க போலாம்ப. இருக்கற ஆஸ்பத்திரி போதாதான்னு இருந்துட்டேன்."

அண்ணியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அந்தப் பொண்ணு என்னை உக்காரவச்சுக் கேள்வி கேட்டாளே. என் சமையல்தான் காரணம்னு அவ சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பாதி ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அன்று தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, அண்ணி பேசுகிறவரை அடுப்படி வாசலிலேயே நின்றான். நடுவில் நிற்பது நாகரிகம் இல்லை என்று பொடி மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் முகம் கூர்மையாயிற்று. முழுசாக முழுங்கின மாத்திரைகள் குடலில் எங்காவது தங்கி அடைத்துக்கொண்டால் வம்பு, உடனே வயிற்றைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். படம் வந்ததும் விளக்கில் மாட்டினார். சாம்பல் நிற வயிற்றுக்குள் அங்கங்கே பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள், சிலது வட்டமாக, சிலது உடைந்ததாக.

"காசை முழுங்கின மாதிரி இருக்கே!" என்று அண்ணி பதறினாள்.

"லாந்தனம் கனமான தனிமம் அண்ணி," என்றாள் பொடி, படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எக்ஸ்-கதிர் அதைத் தாண்டிப் போகாது. அதான் வெள்ளையா தெரியுது." அவள் வாழ்நாள் முழுக்கப் பொடியாகவே பார்த்த ஒன்றை, ஒரு மனிதனுக்குள் உட்கார்ந்திருக்கிறபடி பார்த்ததில் அவளுக்குப் பயமும் வியப்பும் ஒன்றாகக் கலந்து வந்தன. டாக்டரம்மா ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்து, எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை, தானாகப் போய்விடும், இருந்தாலும் கண்காணிப்போம் என்றார். இந்த மாத்திரையை நன்றாகப் பொடித்துச் சாப்பிடலாம், தப்பில்லை என்றும் சொன்னார். பல் டாக்டரிடம் போகவும் அங்கேயே சீட்டெழுதிக் கொடுத்தார். அண்ணியின் கையைப் பிடித்து, "உங்க சமையல்ல ஒண்ணும் இல்லம்மா," என்று சொன்னபோதுதான் அண்ணியின் கண் கலங்கியது.

அன்றிலிருந்து அரைக்கிற வேலையை அண்ணி எடுத்துக்கொண்டாள். சின்ன உரல் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினாள். பொடியிடம் வந்து, "எவ்வளவு மாவா இருக்கணும்?" என்று கேட்டாள். பொடி தன் விரல்களுக்கிடையில் தேய்த்துக் காட்டி, "நெருடக் கூடாது," என்றாள். அண்ணி அதைவிட மாவாக அரைத்தாள். குத்தாமல் வட்டமாக ஓட்டினால் சிதறாது என்பதை அவளே கண்டுபிடித்தாள். பொடி அதைக் கூடத்தில் சொன்னபோது சிகரம், "உங்க அண்ணிய எங்க தளத்துக்கு அனுப்புங்க, பாதி பேரு சரியா அரைக்கறதில்ல," என்றார். துறைத் தலைவருக்கும் விவரம் போய்ச் சேர்ந்தது, அவர் தூங்கியிருப்பார்.

பல் செட்டைத் தேய்த்துச் சரிசெய்தார்கள். அண்ணன் சில நாள் மழலை மாதிரிப் பேசிவிட்டுப் பழையபடி ஆனான். ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கியது. ஒரேயடியாக அல்ல, படிப்படியாக, டாக்டரம்மா முகம் மலர்கிற அளவுக்கு. அரிப்பு விட்டது. எலும்பு வலி முழுதாகப் போகவில்லை. அது மெதுவாகத்தான் போகும் என்றார்கள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அண்ணி உரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொடி பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, லாந்தனம் பாஸ்பேட்ட இறுக்கிப் பிடிச்சிக்குது, சரி. தோரியத்தையும் அப்படித்தான் உள்ள வச்சு அடைக்கறீங்களா?"

"ஆமா அண்ணி. அதே கூடுதான்."

"ஆனா அது சும்மா இருக்காதே. உள்ளயே வெடிச்சிக்கிட்டு இருக்கும்பியே. அது பாட்டுக்கு உதைச்சிக்கிட்டே கிடந்தா கூடு நொறுங்கிப் போயிடாதா?"

பொடி செய்தித்தாளை மடித்து வைத்தாள். கூடத்தில் இப்போது அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

"நொறுங்கும். ஆனா இந்தக் கல்லு தானே திரும்பச் சரியாயிடுது. மத்த கல்லெல்லாம் உள்ளுக்குள்ள குலைஞ்சு போகுது, இது மட்டும் அடிபட்ட இடத்துல மறுபடி அடுக்கிக்குது."

"ஏன்?"

"முழுசாத் தெரியல."

அண்ணி உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தெரிஞ்ச வரைக்கும் சொல்லு."